மைக்காவுக்குள் மறைந்த பலகை: மரச்சாமான் செய்யக் கொடுக்கும் திருநெல்வேலி, பாளையங்கோட்டை அன்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கனமான பொருள்களை வைப்பதற்கென்று மர அடுக்கு செய்யக் கொடுக்க நினைப்பவர்கள், பலகையின் மேல் மைக்கா ஒட்டுவதற்கும் சட்டங்களின் மேல் பாலிஷ் ஏற்றுவதற்கும் முன்பாகப் பட்டறைக்கே நேரில் சென்று, வெட்டிய விளிம்பைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த தவணைப் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நகருக்குள் இயங்கும் ஒரு மரப்பட்டறையில் தேக்குக்கும் உயர்தரப் பிளைவுட்டுக்கும் உரிய விலையைக் கொடுத்துவிட்டு, ரப்பர் மரத்தையும், மரச்சீவலைப் பசையில் அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த அனுபவம் எனக்கு வாய்த்திருக்கிறது. பட்டறையின் பெயரை, நான் நுகர்வோர் ஆணையத்தில் தொடுத்துள்ள வழக்கு முடியும் வரை இங்கே எழுதவில்லை.

கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டிகளான ஆம்ப்ளிஃபயர்களைப் பல ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். பாளையங்கோட்டையில் தேவாலயப் பாடகர் குழுக்களும் மேடை இசைக்குழுக்களும் நிறைய இருப்பதால், அவர்கள் கிட்டாரை ஒலிக்கலவைக் கருவியான மிக்சருக்கு நேரடியாக இணைப்புக் கொடுக்கத் தொடங்கியபோது கைவிட்ட பழைய ஆம்ப்ளிஃபயர்கள் சில என்னிடம் வந்து சேர்ந்தன. இவற்றின் எடையைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வாக்ஸ் ஏசி30 சுமார் 32 கிலோ, ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் சுமார் 29 கிலோ, ரோலண்ட் ஜேசி-120 சுமார் 28 கிலோ. மூன்றை அருகருகே வைத்தால் ஏழடிப் பலகையின் மேல் ஏறத்தாழ 90 கிலோ இரவும் பகலும் இறங்காமல் நிற்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரை மீறி ஊருக்குள் புகுந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டுத் தரைத்தளத்திலும் தண்ணீர் ஏறியது. தரையில் இருந்த ஆம்ப்ளிஃபயர்களை மாடிப்படிகளில் தூக்கி வைத்துத்தான் காப்பாற்றினோம். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் முதல் தட்டு தொடங்கும்படி ஓர் அடுக்கு வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

பட்டறையில் நான் கேட்டது தெளிவானது. சட்டங்கள் வைரம் பாய்ந்த, அதாவது முற்றிய உட்பகுதித் தேக்கில் இருக்க வேண்டும்; தட்டுகள் ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை கொண்ட, தண்ணீருக்குத் தாங்கும் 19 மி.மீ. பிளைவுட்டில் இருக்க வேண்டும். ஒவ்வோர் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையில் செங்குத்தான தடுப்புப் பலகை வேண்டும். பின்புறம் திறந்த பெட்டிகள் என்பதால் சுவருக்கும் அடுக்குக்கும் இடையே காற்றோட்டம் வேண்டும். எடைகளோடு கூடிய வரைபடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உரிமையாளர் பார்த்துவிட்டுச் சம்மதம் தெரிவித்தார். முத்திரை குத்திய பிளைவுட் துண்டு ஒன்றையும் மாதிரியாகக் காட்டினார். மொத்தம் 85,000 ரூபாய் பேசி, அதில் பெரும்பகுதியை முன்பணமாக வாங்கிக்கொண்டார். ஜிஎஸ்டி பில் கேட்டபோது வேலை முடிந்ததும் தருவதாகச் சொல்லி, ஒரு துண்டுத் தாளில் ‘எஸ்டிமேட்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்.

அடுக்கு வந்தபோது மைக்காவும் பாலிஷும் முடிந்து, பார்வைக்குக் குறையே இல்லாமல் இருந்தது. தடுப்புப் பலகைகளில் பாதியைக் காணவில்லை. கேட்டதற்கு, “பலகை நல்ல கனம் அண்ணாச்சி, அதெல்லாம் தாங்கும். அடுத்த வாரம் பையன்கள அனுப்பி மாட்டிருதேன்” என்றார் உரிமையாளர். பையன்கள் வரவே இல்லை. இந்தத் தடுப்புகள் அழகுக்காகக் கேட்கப்பட்டவை அல்ல; மேல்தட்டை இடையில் தாங்குபவை. ஓர் அடிக்கு இவ்வளவு எடை என்று சீராகப் பரவிய பாரத்தின் கீழ், தாங்குதல் இல்லாத இடைவெளி இரண்டு மடங்கானால் பலகையின் தொய்வு பதினாறு மடங்காகும். தடிமன் குறைந்தாலும் இதே கதைதான்: அதே வகைப் பலகை 19 மில்லிமீட்டரிலிருந்து 16 ஆகக் குறைந்தால் அதன் விறைப்பில் சுமார் 40 சதவீதம் போய்விடும். பார்ட்டிகிள் போர்டோ, தொடர்ந்து பாரம் நிற்கும் இடத்தில் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே இருக்கும் இயல்புடையது.

அப்படித்தான் நடந்தது. நடுத்தட்டு முதலில் லேசாக வளைந்தது. பிறகு ஒரு நாள் அதன் ஒரு முனை ஸ்குரூவோடு பிய்ந்து சரிய, மேலே இருந்த ஏசி30 கீழ்த்தட்டில் இருந்த ட்வின் ரிவெர்ப்பின் மேல் விழுந்தது. ஏசி30-இல் உள்ள நான்கு ஈஎல்84 வால்வுகளில் (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்கள்) இரண்டு உடைந்தன. ட்வின் ரிவெர்ப்பின் முன்பக்கத் துணி கிழிந்தது. இடையில் ஒரு வார்த்தை: இப்படி விழுந்த வால்வு ஆம்ப்ளிஃபயரை, மின்சாரம் இணைக்கவில்லையே என்று எண்ணி யாரும் உடனே திறந்துவிடக் கூடாது. மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் அதன் கெப்பாசிட்டர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கியிருக்கக்கூடும்.

பிய்ந்த இடத்தில் பிளைவுட்டின் குறுக்கும் நெடுக்குமான அடுக்குகள் இல்லை. பசையில் அழுத்திய மரச்சீவல்தான் இருந்தது. மைக்காவோடு சேர்த்து அளந்தால் 18 மி.மீ., இரு பக்கமும் உரித்து அளந்தால் 16 மி.மீ. எங்கள் தெருவில் வசிக்கும் வயது முதிர்ந்த ஆசாரி ஒருவரை அழைத்துக் காட்டினேன். அவர் சட்டத்தின் காலைச் சாய்த்து, பாலிஷ் படாத அடிப்பகுதியை உளியால் சீவி முகர்ந்து பார்த்துவிட்டு, “தேக்குன்னா சீவினதும் எண்ணெய் வாசம் வரணும், கையில வழுவழுன்னு தெரியணும். இது ரப்பர் மரம். தேக்கு நிறத்துல பாலிஷ் போட்டிருக்கான்” என்றார். இன்னொரு காலில் ஊசி முனையளவு துளைகளையும், அவற்றின் கீழே மாவுபோல் உதிர்ந்திருந்த தூளையும் காட்டினார். மருந்தேற்றாத ரப்பர் மரத்தை, மரம் துளைக்கும் பூச்சியான உளு எளிதில் பிடிக்கும். தூக்கிப் பார்த்து எடையால் கண்டுபிடித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டு மரங்களின் எடையும் பெரிதாக வேறுபடாததால் அது பயன்படாது. சீவிப் பார்த்தால்தான் தெரியும். உண்மையான தேக்காகவே இருந்தாலும் வெளிறிய வெளிப்பகுதியான வெள்ளையைச் சேர்த்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் தேக்கின் புகழெல்லாம் வைரத்துக்கு உரியதே தவிர வெள்ளைக்கு உரியதன்று.

உரிமையாளரிடம் சொன்னபோது, “இவ்வளவு கனம் வைப்பீங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே” என்றார். எடைப்பட்டியலும் அதற்கு அவர் அனுப்பிய ‘சரி அண்ணாச்சி’ என்ற பதிலும் என் கைப்பேசியில் அப்படியே இருக்கின்றன. அவற்றைக் காட்டிய பிறகு அவர் என் அழைப்பை எடுப்பதில்லை. மரத்தையும் பலகையையும் மாற்றிவிட்டு, அது மறையும்படி மேற்பூச்சு முடித்து அனுப்பியதைக் கைத்தவறு என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நேர்மையாக உழைக்கும் எத்தனையோ ஆசாரிமார் வேலையில்லாமல் இருக்கும் ஊரில் இது நடப்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் புகார் பதிவு செய்தேன். தீர்வு கிடைக்காததால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குச் சென்றிருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதாடலாம். ஆனால் குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுத்தாக வேண்டும். பொருளின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே உடைந்த துண்டு எதையும் விறகுக்குக் கொடுத்துவிடாதீர்கள். வங்கி வழியாகப் பணம் அனுப்பிய ரசீதும் உரையாடல் பதிவும், பில் கிடைக்காதவர்களுக்குச் சான்றாக உதவும்.

பிய்ந்த தட்டையும் சீவிய காலையும் என் வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறேன். இந்த வட்டாரத்தில் மர வேலை கொடுக்கவிருப்பவர்கள் எனக்குச் செய்தி அனுப்பிவிட்டு வந்து பார்க்கலாம். மைக்கா ஒட்டிய பிளைவுட்டையும் பார்ட்டிகிள் போர்டையும் விளிம்பில் வேறுபடுத்திப் பார்ப்பது எப்படி என்பதைக் கையில் கொடுத்தே காட்டுகிறேன்.