வீட்டை இப்போதே எழுதிக் கொடுப்பதா, உயிலில் விடுவதா?

லண்டனில் மோர்ட்கேஜைக் கட்டி முடித்த நம்மவர்கள் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது: “பிள்ளை பேருக்கு இப்பவே மாத்திட்டா வரி இல்லையாம்.” பாதிதான் உண்மை.

பிரிட்டனில் வாரிசுரிமை வரி, அதாவது இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்துக்கான வரி, 40 சதவீதம். முதல் 3,25,000 பவுண்டுக்கு வரி இல்லை. வீட்டு விலை எங்கோ போய்விட்டது, இந்த வரம்பு மட்டும் 2009 முதல் அப்படியே நிற்கிறது. குடியிருந்த வீடு பிள்ளைகளுக்குப் போனால் இன்னும் 1,75,000 சேரும். கணவன், மனைவிக்குள் வரி கிடையாது. முதலில் இறந்தவர் பயன்படுத்தாத வரம்பும் மற்றவருக்கு வரும். ஆக, தம்பதிக்குப் பெரும்பாலும் 10 லட்சம் பவுண்டு வரை கவலையில்லை. இவர்கள் ஏன் அவசரப்பட்டு எழுதிக் கொடுக்கிறார்கள் என்பது எனக்குப் புரிவதே இல்லை.

சிக்கல் தனியாக இருப்பவருக்குத்தான். விவாகரத்தான ஒரு அம்மா, 7,00,000 பவுண்டு வீடு, வேறு சொத்தில்லை என்று வைத்துக்கொள்வோம். உயிலில் மகனுக்கு விட்டால் 5,00,000 கழியும், மீதிக்கு வரி 80,000. எழுதிக் கொடுத்துவிட்டு வேறு இடம் போய், அதன்பின் ஏழு வருடம் உயிரோடு இருந்தால் வரி பூஜ்யம். அதற்காகத்தான் ஆசைப்படுகிறார்கள். ஆனால் இரண்டே வருடத்தில் இறந்துவிட்டால்? அந்த 1,75,000 சலுகை உயிரோடு இருக்கும்போது கொடுத்த வீட்டுக்குச் செல்லாது. 3,25,000 மட்டும் கழிந்து, மீதி 3,75,000க்கு 40 சதவீதம், அதாவது 1,50,000. கிட்டத்தட்ட இரு மடங்கு! மூன்று வருடம் தாண்டினால் விகிதம் 32, 24, 16, 8 என்று வருடாவருடம் இறங்கும்.

அப்புறம், நம் வீடுகளில் நடப்பது வேறு. பத்திரம் மகன் பேரில், அம்மா அதே மாடி அறையில், வாடகை இல்லாமல். இப்படி இருந்தால் ஏழு வருடக் கணக்கு தொடங்கவே தொடங்காது. வீடு அம்மாவுடையதாகவே எண்ணப்படும். சந்தை வாடகை கொடுத்தால் தப்பலாம், ஆனால் அந்த வாடகைக்கு மகன் வருமான வரி கட்ட வேண்டும். பெற்ற மகனுக்கு மாதாமாதம் வாடகை கொடுக்க எந்த அம்மாவுக்கு மனசு வரும்?

விற்கும்போதும் வித்தியாசம் உண்டு. உயிலில் வந்த வீட்டுக்கு இறந்த நாள் மதிப்பிலிருந்துதான் லாபத்தைக் கணக்கிடுவார்கள். எழுதி வாங்கிய வீட்டுக்கு, மகன் பேருக்கு எழுதிய நாள் மதிப்பிலிருந்து; மகன் அங்கே குடியிருக்காவிட்டால் இடையில் ஏறிய விலைக்கு மூலதன ஆதாய வரி வரும்.

அறுபதுகளில், நல்ல உடம்போடு, குடியிருக்க வேறு வீடும் உள்ளவர் என்றால் சரி, எழுதிக் கொடுக்கலாம். கொடுத்த தேதிக்கான தாளைப் பத்திரமாக வையுங்கள். ஏழு வருடத்தை அங்கிருந்துதான் எண்ணுவார்கள்.