தலவாக்கலைக் கடையில் மைக்ரோசொப்ட் டு டூ என்ற பணிப்பட்டியல் செயலி: ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவம்

இலங்கை மலையகத்தின் தலவாக்கலை நகரில் ஒரு சிறிய கொமியூனிகேஷன் கடை நடத்துகிறேன். போட்டோகொப்பி எடுப்பது, தட்டச்சு செய்வது, விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுப்பது ஆகியவையே அன்றாட வேலை. ஆனால் அந்த வேலைகளில் பெரும்பாலானவை கடைக்குள் ஆரம்பிப்பதில்லை. காலை பஸ்ஸிலோ கோவில் வாசலிலோ தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் படிக்கட்டிலோ யாராவது நிறுத்தி, "தம்பி, மகளுக்கு அடையாள அட்டை எடுக்கணும், என்னென்ன கொண்டுவரணும்னு பார்த்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். கேட்பது வழியில், செய்வது கடைக் கணினியில். இடையில் ஒன்றும் தவறிவிடாமல் இருக்கவே எனக்கு ஒரு பட்டியல் தேவைப்பட்டது.

2018 முதல் வுண்டர்லிஸ்ட் என்ற செயலியைப் பயன்படுத்தினேன். அதை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2015இலேயே வாங்கியிருந்தது. 2020 மே 6ஆம் திகதியோடு வுண்டர்லிஸ்ட் நிறுத்தப்படும் என்று அறிந்ததும், ஊரடங்கினால் கடை பூட்டிக் கிடந்த நாட்களில், என் பட்டியல்களை மைக்ரோசொப்ட் டு டூ செயலிக்கு மாற்றிக்கொண்டேன். அன்றிலிருந்து கைபேசியிலும் கடையிலுள்ள வின்டோஸ் கணினியிலும் அதுதான் இருக்கிறது. கட்டணம் இல்லை; ஒரு மைக்ரோசொப்ட் கணக்கு இருந்தால் போதும்.

மலையகத்தில் இருப்பவர் இத்தகைய செயலியில் முதலில் சோதிக்க வேண்டியது, சிக்னல் இல்லாத இடத்தில் அது என்ன செய்கிறது என்பதைத்தான். பிரதான வீதியை விட்டு எங்கள் தோட்டத்துப் பாதையில் இறங்கினால், இரண்டாவது முடக்கிலேயே இணையம் போய்விடும். இடையில் வேறொரு செயலியைச் சில வாரங்கள் பயன்படுத்திப் பார்த்தேன். அந்த முடக்குக்குக் கீழே நின்று அதில் எழுதிய நான்கு குறிப்புகள், மறுநாள் கைபேசியிலும் இல்லை, கணினியிலும் இல்லை. அவற்றுள் ஒன்று, பரீட்சை விண்ணப்பத்துக்கு அன்றுதான் முடிவுத் திகதி என்று ஒரு மாணவியின் தகப்பனார் சொன்னது. அவர் தாமாகவே கடைக்கு வந்தபடியால் விண்ணப்பம் தப்பியது. அன்றே அந்தச் செயலியை நீக்கிவிட்டேன். டு டூவில் எழுதுவது முதலில் கைபேசியிலேயே பதிவாகி, இணையம் கிடைத்ததும் தானாகக் கணக்கில் சேர்கிறது. காலையில் கடையைத் திறந்து கணினியைப் போட்டால், முதல்நாள் மாலை லயத்தில் எழுதியது அங்கே இருக்கும்.

தொழிலாளரின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குரிய விண்ணப்பங்களில்தான் இந்தச் செயலி எனக்கு மிகவும் கைகொடுத்திருக்கிறது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அந்தப் பணத்தைக் கோரலாம். ஆனால் முப்பது வருடம் கொழுந்தெடுத்த ஓர் அம்மாவின் பெயர் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் லெட்சுமி என்றும், அடையாள அட்டையில் லட்சுமி என்றும், தோட்டத்துப் பதிவில் லெச்சுமி என்றும் இருப்பது இங்கே சாதாரணம். மூன்று பெயரும் ஒருவருடையதே என்று காட்ட, சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி, கிராம உத்தியோகத்தரிடம் அத்தாட்சி, தோட்ட அலுவலகத்தில் கடிதம் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியிருக்கும். டு டூவில் ஒரு பணிக்குள் படிகளை எழுதலாம் என்பதால், அந்த அம்மாவின் பெயரில் ஒரு பணியும் அதற்குள் ஐந்து படிகளும் போட்டேன். ஒவ்வொரு பத்திரமும் கைக்கு வந்தபோது கணினியில் அந்தப் படியை முடித்ததாகக் குறித்தேன். ஒரு மாலை அவர் லயத்து வாசலில், "தம்பி, என் பேப்பரு எதுல நிக்குது?" என்று கேட்டபோது, கைபேசியைத் திறந்து, "நாலு முடிஞ்சுதும்மா, தோட்டத்துக் கடிதம் மட்டும்தான் பாக்கி" என்று அங்கேயே சொல்ல முடிந்தது. அதைக் கேட்டறிய அவர் ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய நாட்சம்பளத்தை, இழந்து பஸ் ஏறி நகரத்துக்கு வர வேண்டியிருக்கவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் செயலியை மாற்ற நினைக்கவில்லை.

பெயர்களின் இதே சிக்கல் தேடலிலும் வரும். லெட்சுமி என்று எழுதி வைத்ததை லட்சுமி என்று தேடினால் கிடைக்காது. அதனால் ஒவ்வொரு பணியின் தலைப்பிலும் பெயரோடு தோட்டத்தையும், தோட்டப் பிரிவு மேல் டிவிசனா கீழ் டிவிசனா என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். அடையாள அட்டை இலக்கத்தையோ வங்கிக் கணக்கு இலக்கத்தையோ ஒருபோதும் அதில் எழுதுவதில்லை. அவை நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டவை.

அன்றைக்குச் செய்யத் தெரிந்தெடுத்த வேலைகளைக் காட்டும் "எனது நாள்" என்ற பகுதி நள்ளிரவில் தானாக வெறுமையாகிவிடும். முடியாத வேலைகள் அழிவதில்லை. தத்தம் பட்டியலிலேயே இருந்து, மறுநாள் பரிந்துரையாக வரும். ஆரம்பத்தில் இது எனக்குத் தொல்லையாகத் தோன்றியது. இப்போது காலைத் தேநீரோடு அன்றைய வேலையைத் தெரிந்தெடுப்பது நல்ல பழக்கமாகிவிட்டது. 10ஆம் திகதி தோட்டத்தில் சம்பளம் என்பதால் அன்றும் மறுநாளும் கடையில் நிற்க இடமிருக்காது. ஆகவே கடதாசியும் மையும் வாங்குவதை 8ஆம் திகதிக்கு மாதந்தோறும் வரும் பணியாக வைத்திருக்கிறேன். முடித்துவிட்டதாகக் குறித்ததும் அடுத்த மாதத்துக்குரியது வந்துவிடுகிறது.

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம் வரை நீண்டபோது, கணினியைப் போட முடியாமல் கைபேசியிலேயே எல்லாவற்றையும் எழுதினேன். மின்சாரம் வந்த சிறிது நேரத்தில் பட்டியலைப் பார்த்து அச்சிட வேண்டியவற்றை வரிசையாக அச்சிட்டுக் கொடுத்தேன். கடைப் பட்டியலைத் தங்கையோடு பகிர்ந்திருப்பதால், நான் பிரதேச செயலகத்துக்குப் போன நாளிலும் யாருக்கு என்ன பாக்கி என்பது அவளுக்குத் தெரியும்.

எனக்கு உள்ள பெரிய குறை, படிகளுக்குத் தனித்தனியே திகதி கொடுக்க முடியாதது. ஐந்து படிகளுக்கும் சேர்த்துப் பணிக்கு ஒரே திகதிதான். சமாதான நீதவான் வரச் சொன்ன நாள் ஒன்று, தோட்ட அலுவலகம் வரச் சொன்ன நாள் வேறு. ஆகவே நாள் குறித்த எதையும் படியாக எழுதாமல் தனிப் பணியாகவே எழுதி, தலைப்பில் அதே பெயரையும் அதே டிவிசனையும் போட்டு வருகிறேன்.