லோக்கல் 3 பின் பிளாஷர் – ரெண்டு மழைக்காலம் ஓட்டின அனுபவம்

என்னோடது பழைய 150 சிசி வண்டி, திடீர்னு ரெண்டு பக்க இண்டிகேட்டரும் படுத்துடுச்சு, ஹாரன், பிரேக் லைட் எல்லாம் பக்காவா இருக்கு. காட்டின இடத்துல வயரிங் செட்டே மாத்தணும்னு ரெண்டாயிரத்துக்கு மேல சொன்னாங்க. அட போங்கப்பானு வீட்டுக்கு வந்து பிளாஷரை (இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கிற சின்ன டப்பா) உருவிட்டு, அந்த கனெக்டர்ல பி (பேட்டரில இருந்து வர்றது), எல் (பல்புக்குப் போறது) ரெண்டையும் ஒரு துண்டு வயரால சேர்த்து சுவிட்ச் போட்டா பல்பு விட்டு விட்டு எரியாம நின்னு எரியுது, அப்போ வயரிங், சுவிட்ச், பல்பு எல்லாமே நல்லாருக்கு, போனது பிளாஷர் மட்டும்தான். (ஒரு பக்கம் மட்டும் படபடன்னு அடிச்சா பிளாஷர் வாங்கிடாதீங்க, அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கும், இல்ல ஹோல்டர்ல துரு.)

சென்னை ஜி.பி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கம்பெனி பார்ட் விலையக் கேட்டுட்டு, அதுல மூணுல ஒரு பங்குக்கு லோக்கல் எலக்ட்ரானிக் 3 பின் வாங்கினேன். பழசு 2 பின், அதனால மூணாவது பின்னுக்கு சேசிஸ் போல்ட்ல இருந்து ஒரு எர்த் வயர் இழுக்கணும், அவ்ளோதான் வேலை. பழைய டைப் பிளாஷர் 10 வாட் பல்பு ரெண்டு இழுக்குற கரண்டை நம்பித்தான் ஓடும், எல்இடி போட்டா அதுக்கு லோடு பத்தாம தாறுமாறா அடிக்கும் இல்ல அடிக்கவே அடிக்காது. இந்த எலக்ட்ரானிக் டைப்புக்கு அந்தப் பிரச்சினை இல்ல, எந்த லோடுக்கும் ஒரே வேகம். பழசையே வச்சுக்கிட்டு லோடு கூட்ட ரெசிஸ்டர் வைக்கச் சொல்வாங்க, வேணாம், அது செம சூடாகும், கரண்டும் வேஸ்ட்.

அந்த தைரியத்துல நாலுக்கும் எல்இடி போட்டேன், லெஃப்ட் போட்டா நாலும் சேர்ந்து அடிக்குது! மீட்டர்ல ரெண்டு பக்க இண்டிகேட்டருக்கும் சேர்த்து ஒரே பைலட் பல்பு (இண்டிகேட்டர் ஓடுறதைக் காட்டுற குட்டி பல்பு) இருக்குற வண்டிக்கெல்லாம் இது வரும், அந்த பல்பு வழியா கரண்ட் அடுத்த பக்கத்துக்கும் போயிடுது. ரிச்சி ஸ்ட்ரீட்ல 1என்4007 டயோடு (கரண்டை ஒரு பக்கமா மட்டும் விடுறது) ரெண்டு, சில்லறைக் காசுதான், அந்த பைலட் பல்புக்கு வர்ற லெஃப்ட் வயர்ல ஒண்ணு ரைட் வயர்ல ஒண்ணு, கோடு போட்ட முனை ரெண்டும் பைலட் பல்போட ஒரே காலுக்கு, அதோட இன்னொரு காலை எர்த் பண்ணிட்டா சரியாயிடும்.

குறைன்னா, பாடி சீல் சுமார்தான், மாட்டுற ரப்பரும் கூட வரல. சைக்கிள் டியூப் வெட்டி சுத்தி, பின் கீழ பாக்குற மாதிரி கட்டிட்டேன், வேளச்சேரி தண்ணில எல்லாம் போயும் ஒண்ணும் ஆகல. இடையில ஒரு தடவ பின் லூஸாகி விட்டு விட்டு வேலை செஞ்சுது, கனெக்டரை பிளையர்ல லேசா அமுக்கி விட்டதோட சரி.