கார்புரேட்டர் கார், இன்ஜெக்‌ஷன் கார்: இரண்டையும் வைத்து ஓட்டிய அனுபவம்

என்னிடம் உள்ள இரண்டு கார்களும் கைமாறி வந்தவை. ஒன்று 1980-களின் நடுவில் தயாரானது: கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பாகம்), பாயின்ட் செட் (திறந்து மூடி பிளக்கில் பொறி வரவைக்கும் தொடுமுனைகள்), கையால் இழுக்கும் சோக் (குளிரில் கலவையில் பெட்ரோலைக் கூட்டுவது). மற்றது 2000-களின் தொடக்கத்தில் வந்தது: இன்ஜெக்‌ஷன் (கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் முறை), ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காப்பது), ஏர்பேக். பல வருடங்களாக இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறேன். எது நல்ல கார் என்று கேட்பவர்களிடம், இரண்டும் பழுதாகும் விதம் வேறு, முதலில் அதைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

பழைய கார் எதையும் மறைக்காது. பாயின்ட் தேயத் தேய இடைவெளி குறைந்து டைமிங் (பொறி வரும் நேரம்) பின்தங்கும். ஏற்றத்தில் பிக்கப் விழுவது காலிலேயே தெரிந்துவிடும். ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு 0.4 மி.மீ. அளவுக்கு (காருக்குக் கார் கொஞ்சம் மாறும்) சரிசெய்து, டைமிங்கையும் பார்த்துவிட்டால் பழைய இழுவை திரும்பிவிடும். குளிரில் சோக்கை முழுசாக இழுத்து ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடேறச் சூடேற உள்ளே தள்ள வேண்டும். அப்படியே விட்டு ஓட்டினால் பெட்ரோல் வாடையும் கறுப்புப் புகையும் வரும், பிளக்கில் கரி படியும். எனக்கு இந்த வேலையெல்லாம் பிடிக்கும். அவசரத்தில் வண்டி எடுப்பவர்களுக்கு ஒத்துவராது.

இன்ஜெக்‌ஷன் காரில் சாவியைத் திருப்பினால் போதும். ஆனால் அதன் கம்ப்யூட்டர் கோளாறைச் சமாளித்துக்கொண்டே போகும், நமக்குத் தெரியாது. புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துக் காற்று, பெட்ரோல் கலவையை 14.7-க்கு 1 என்ற விகிதத்தை ஒட்டியே வைத்திருக்கும். எங்காவது காற்று கசிந்து உள்ளே போனால் பெட்ரோலைக் கூட்டி ஈடுகட்டிவிடும். அதனால் அவ்வப்போது ஸ்கேனரை (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) செருகி ஃபியூவல் ட்ரிம் பார்ப்பேன்; கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ ஈடுகட்டுகிறது என்று காட்டும் எண் அது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நிம்மதி. பிளஸ் 10-ஐத் தாண்டினால் தேட ஆரம்பித்துவிடுவேன். ஒருமுறை ஐட்லிங்கில் எண் ஏறி நின்றது, ஆர்பிஎம் கூட்டியதும் இறங்கிவிட்டது. வேக்குவம் கசிவுக்கு அதுதான் அடையாளம். ஒரு ஹோஸின் வளைவில், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் வெடிப்பு இருந்தது. விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன். ஓட்டும்போது துளி வித்தியாசம் தெரியவில்லை.

இன்ஜின் சுழல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் போனால் கதையே வேறு. சூட்டில் இன்ஜின் அணைந்துவிடும், ஆறிய பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். வழியில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

பாதுகாப்பில் ஒப்பிடவே இடமில்லை. ஈர ரோட்டில் திடீரென்று பிரேக் அடித்தால் பழைய காரில் சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஸ்டீயரிங் கேட்காது. குடும்பத்தோடு போவதென்றால் புதியதைத்தான் எடுப்பேன்.

இன்ஜெக்‌ஷன் கார் வாங்கப் போகிறவர்கள் ஸ்கேனரில் கோளாறுக் குறியீடு எதுவும் இல்லை என்றதும் திருப்தியாகிவிட வேண்டாம். ரெடினஸ் மானிட்டர்களையும் (கம்ப்யூட்டர் தானே செய்யும் சோதனைகள் முடிந்தனவா என்று காட்டுபவை) பாருங்கள். பல மானிட்டர்கள் முடியாமல் நின்றால், குறியீடுகளைச் சமீபத்தில் அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கலாம். வண்டியைச் சில நாள் ஓட்டவிட்டு, மறுபடி ஸ்கேன் செய்த பிறகு விலை பேசுங்கள்.