ஸ்டார்ட்அப் கனவோடு பொறியியல்: ஸ்டான்ஃபோர்டா, எம்ஐடியா, வாட்டர்லூவா?

ஸ்டார்ட்அப் தொடங்கும் கனவோடு எங்கே பொறியியல் படிப்பது என்ற பேச்சை எடுத்தாலே முதலில் வந்து விழுவது பெயர்ப்பட்டியல்தான். கூகுளா, அது ஸ்டான்ஃபோர்டு. டிராப்பாக்ஸா, எம்ஐடி. பிளாக்பெர்ரியா, கனடாவின் வாட்டர்லூ. பட்டியல் பொய்யில்லை. ஆனால் பள்ளி முடித்துவிட்டு விண்ணப்பம் போடுகிறவருக்கு அதனால் பெரிய பிரயோஜனமும் இல்லை. கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்தவர்கள். அங்கே இளநிலை படித்தவர்கள் அல்லர். பிளாக்பெர்ரியின் மைக் லசாரிடிஸ் வாட்டர்லூவில் பட்டம் வாங்காமலே கிளம்பிவிட்டார். எம்ஐடியில் படித்த ட்ரூ ஹூஸ்டன் டிராப்பாக்ஸை வளர்க்க சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டார்.

நான் முதலில் பார்க்கச் சொல்வது கால அட்டவணையை. கம்பெனி தொடங்க நினைக்கிற மாணவரிடம் பணமும் இல்லை, தொடர்பும் இல்லை. இருப்பது நேரம் மட்டுமே. அதைப் பல்கலைக்கழகம் எப்படிச் செலவழிக்க வைக்கிறது என்பதில் இந்த மூன்றும் மூன்று திசையில் நிற்கின்றன.

இதில் மிகவும் வித்தியாசமானது வாட்டர்லூ. 1957இல் தொடங்கியபோதே படிப்பையும் வேலையையும் பின்னிக் கட்டிய இடம் அது. பொறியியல் மாணவர் எல்லோருக்கும் கோ-ஆப் கட்டாயம். நான்கு மாதம் வகுப்பு, நான்கு மாதம் சம்பளத்தோடு வேலை என்று மாறி மாறி ஓடும். சிலர் முதல் நான்கு மாத வகுப்பு முடிந்த கையோடு வேலைக்குப் போய்விடுவார்கள். வழக்கமாக ஆறு முறை இப்படி. பட்டம் முடிய நான்கு வருடம் எட்டு மாதம் என்றால் அதில் இரண்டு வருடம் அலுவலகத்தில்தான் கழிகிறது. ஒரு பெரிய நிறுவனம், ஒரு சிறிய ஸ்டார்ட்அப், ஒரு தொழிற்சாலை என்று தேர்ந்தெடுத்துப் போனால், எந்த வேலை எங்கே சிக்குகிறது, எதற்கு ஆட்கள் காசு கொடுக்கத் தயார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். அதற்கு ஈடாக எந்தத் தொழில்முனைவுப் பாடமும் எனக்குத் தெரியவில்லை. வேலைத் தவணை ஒன்றைச் சொந்தக் கம்பெனி கட்டுவதற்கே எடுத்துக்கொள்ளும் வழியும் அங்கே உண்டு.

ஆனால் மூச்சு விட நேரம் கிடைக்காது. இடைத்தேர்வு நடக்கும்போதே அடுத்த தவணைக்கான நேர்காணலும் நடக்கும். வேலை கிடைத்தால் அந்த ஊரில் நான்கு மாதத்துக்கு வீடு தேட வேண்டும். முடிந்ததும் திரும்பி வந்து இன்னொரு வீடு. பாடங்களும் பெரும்பாலும் முன்கூட்டியே முடிவானவை. இரண்டாம் வருடம் திடீரென்று உயிரியல் பக்கம் மனம் போனால் அதற்கு அங்கே அதிக இடமில்லை. சேரும்போதே துறையையும் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

எம்ஐடி இதற்கு நேர் எதிர். முதல் வருடம் யாருக்கும் துறை கிடையாது. வருட முடிவில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், மதிப்பெண் பார்த்துத் தள்ள மாட்டார்கள். 1969இலிருந்து ஓடும் யூரோப் (UROP) என்ற இளநிலை ஆராய்ச்சித் திட்டத்தில் இளநிலை மாணவர் பேராசிரியரின் ஆய்வகத்துக்குள் போய், சம்பளத்துக்கோ கிரெடிட்டுக்கோ ஆராய்ச்சியில் கை வைக்கலாம். ஜனவரி மாதத்தைத் தனித் தவணையாகப் பிரித்து, வழக்கமான வகுப்புகளிலிருந்து விடுதலை கொடுத்துவிடுகிறார்கள்.

இயந்திரப் பொறியியலில் 2.009 என்று எண்ணாலேயே அழைக்கப்படும் ஒரு வகுப்பு இருக்கிறது. மாணவர்கள் நிறங்களின் பெயரில் அணிகளாகப் பிரிந்து, ஒரே செமஸ்டரில் ஒரு பொருளைக் கற்பனையிலிருந்து ஓடுகிற மாதிரி வரை கொண்டுவந்து, கடைசியில் நிரம்பிய அரங்கத்தில் இயக்கிக் காட்ட வேண்டும். சிவப்பு அணியின் மோட்டார் மேடையில் மக்கர் செய்தால் அதைப் பார்க்க ஊரே உட்கார்ந்திருக்கும்! கையில் எடுத்துப் பார்க்கிற பொருளைச் செய்ய விரும்புகிறவருக்கு, அதாவது ரோபோ, பேட்டரி, மருத்துவக் கருவி மாதிரி விஷயங்களுக்கு, மூன்றில் எம்ஐடிதான் என் தேர்வு. ரூம்பா என்ற துப்புரவு ரோபோவைச் செய்த ஐரோபோ நிறுவனம் அங்கிருந்துதான் வந்தது. ஆய்வகத்திலிருந்து சந்தைக்கு வரப் பல வருடம் பிடிக்கிற தொழில்நுட்பங்களுக்கென்றே 2016இல் ‘தி எஞ்சின்’ என்ற முதலீட்டு அமைப்பையும் எம்ஐடி தொடங்கியது.

ஸ்டான்ஃபோர்டில் செமஸ்டர் இல்லை, குவார்ட்டர். பத்து வாரத்தில் ஒரு பாடம் முடிந்துவிடும். துறையை இரண்டாம் வருட முடிவுக்குள் சொன்னால் போதும். அங்கே தொழில்முனைவர் ஸ்டீவ் பிளாங்க் 2011இல் தொடங்கிய லீன் லாஞ்ச்பேட் வகுப்பில் மாணவர் அணி வாரத்துக்குச் சுமார் பத்து வாடிக்கையாளர்களையாவது தேடிப் போய்ப் பேச வேண்டும். வகுப்பறையில் ஸ்லைடு போட்டுத் தப்பிக்க முடியாது. நல்ல முறை, சந்தேகமே இல்லை. ஆனால் இதைக் கற்க ஸ்டான்ஃபோர்டு போயே ஆக வேண்டும் என்பதில்லை. முறை உலகம் முழுக்கப் பரவிவிட்டது, 2014இல் சாம் ஆல்ட்மன் நடத்திய ஸ்டார்ட்அப் வகுப்பின் காணொளிகள்கூட இணையத்தில் இலவசம். ஸ்டான்ஃபோர்டின் உண்மையான பலம் அக்கம்பக்கம்தான். முதலீட்டு நிறுவனங்கள் வரிசைகட்டி நிற்கிற சாண்ட் ஹில் ரோடு வளாகத்தை ஒட்டியே போகிறது. ஸ்டார்ட்எக்ஸ் போன்ற உதவி அமைப்பு கம்பெனியில் பங்கு எதுவும் கேட்காமலே கைகொடுக்கிறது.

அந்த அக்கம்பக்கத்துக்கு நான்கு வருடம் முன்கூட்டியே போய் உட்கார வேண்டுமா என்பதில்தான் எனக்குத் தயக்கம். பெபிள் கைக்கடிகாரத்தைச் செய்த எரிக் மிகிகோவ்ஸ்கி வாட்டர்லூ மாணவர். படிப்புக்குப் பிறகு ஸ்டான்ஃபோர்டு இருக்கும் கலிஃபோர்னியாவுக்குப் போனார், 2012இல் பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டினார். பணம் இருக்கும் இடத்துக்குப் பிறகு போய்க்கொள்ளலாம். இழந்த ஆய்வக அனுபவத்தை அப்படிப் போய் வாங்க முடியாது.

அப்புறம், செய்த பொருள் யாருக்குச் சொந்தம்? கூகுள் தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் பேஜ்ரேங்க் முறையின் காப்புரிமை ஸ்டான்ஃபோர்டின் பெயரில் இருந்தது. அதைக் கூகுளுக்கு உரிமம் கொடுத்ததற்குப் பதிலாக 18 லட்சம் கூகுள் பங்குகள் கிடைத்தன. 2005இல் அவற்றை விற்றபோது வந்தது 33.6 கோடி டாலர். பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பணத்திலோ, அதன் வசதிகளைக் கணிசமாகப் பயன்படுத்தியோ கண்டுபிடித்தால் அது பல்கலைக்கழகத்துக்கு என்பதுதான் ஸ்டான்ஃபோர்டிலும் எம்ஐடியிலும் அடிப்படை விதி. வாட்டர்லூவில் கண்டுபிடித்தவருக்கே சொந்தம், பேராசிரியருக்கும் அப்படித்தான். விடுதி அறையில் சொந்த லேப்டாப்பில் செயலி எழுதுகிற இளநிலை மாணவருக்கு மூன்று இடத்திலும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆய்வகத்துக்குள் காலை வைத்த அன்றுதான் இது உறைக்கும். எம்ஐடி போகிறவர் யூரோப்பில் சேருமுன் இந்த விதியை ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது.

பணம் பற்றிச் சுருக்கமாக. வெளிநாட்டு மாணவரின் குடும்ப வசதியைப் பார்க்காமலே எம்ஐடி சேர்க்கை முடிவை எடுக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் உதவி கேட்டால் அதுவும் கணக்கில் வரும். இரண்டிலும் இடம் கிடைத்துவிட்டால் தேவையான அளவு முழுவதும் கொடுப்பார்கள். கிடைப்பதுதான் கஷ்டம், நூறில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான். வாட்டர்லூவில் அந்த மாதிரி உதவி இல்லை. வெளிநாட்டவருக்குக் கட்டணம் கனம், கோ-ஆப் சம்பளம் அதில் ஒரு பகுதியைத்தான் தாங்கும்.

வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் கடைசிவரை கவனிக்காமல் விடுவது விசாவை. அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிக்கும்போது உரிய அனுமதி இல்லாமல் சொந்தக் கம்பெனியில் வேலை செய்யக் கூடாது. பட்டத்துக்குப் பிறகு 12 மாதம் ஓபிடி (OPT) என்ற தற்காலிக வேலை அனுமதியில், படித்த துறையோடு தொடர்பிருந்தால், சொந்தத் தொழில் செய்யலாம். அதற்கு மேல் கிடைக்கும் 24 மாத நீட்டிப்புக்குப் பயிற்சித் திட்டத்தில் கையெழுத்துப் போடுகிற முதலாளி ஒருவர் வேண்டும். தனக்குத்தானே முதலாளி என்று போட்டுக்கொள்ள முடியாது. கனடாவில் பட்டத்துக்குப் பிறகான வேலை அனுமதி மூன்று வருடம் வரை கிடைக்கும். யாரிடம் வேலை என்ற கட்டுப்பாடும் இல்லை, சொந்தத் தொழிலும் சரி.

எனவே என் வரிசை இது. ஆய்வகத்தில் பிறக்கிற பொருள்தான் கனவு என்றால், அல்லது எந்தத் துறை என்றே இன்னும் தெரியவில்லை என்றால், எம்ஐடி. மென்பொருள், துறை தெளிவு, கட்டணத்துக்கும் வழி இருக்கிறது, பட்டம் வாங்கியவுடனே தொடங்க வேண்டும் என்றால் வாட்டர்லூ. அமெரிக்கக் குடியுரிமை இருக்கிறது, கூட்டாளி இப்போதே தயார், மாதிரியும் ஓடுகிறது என்பவர் ஸ்டான்ஃபோர்டு போகட்டும். மற்றவர்களுக்கு அங்கே முதுநிலைக்குப் போவதே மேல்.