ஜீன் டெஸ்டா, கொலோனோஸ்கோபியா?

அப்பாவுக்கு 45 வயதில் குடல் புற்றுநோய், அத்தைக்குக் கருப்பைப் புற்றுநோய் என்றால் லிஞ்ச் சிண்ட்ரோம் (குடும்பத்தில் மரபணு வழியாக வரும் புற்றுநோய் ஆபத்து) சந்தேகம் வரும். பிள்ளைகள் எதைச் செய்வது?

சிரமம்: ஜீன் டெஸ்டுக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கு முந்தின நாளே பேதி மருந்து குடித்து, போவது தெளிந்த மஞ்சள் நீராகும் வரை கழிப்பறையே கதி.

எத்தனை முறை: முன்னது பெரும்பாலும் ஒரே முறை; பின்னது திரும்பத் திரும்ப.

பலன்: ஜீன் டெஸ்ட் ஆபத்தைச் சொல்லும், அவ்வளவுதான். கொலோனோஸ்கோபியில் பாலிப் (பின்னால் புற்றுநோயாகக்கூடிய சதை வளர்ச்சி) தெரிந்தால் பெரும்பாலும் கையோடு எடுத்துவிடலாம்.

முடிந்தால் அப்பாவுக்கே முதலில் ஜீன் டெஸ்ட் எடுங்கள். அவரிடம் லிஞ்ச் சிண்ட்ரோமுக்குக் காரணமான எம்எல்ஹெச்1 மரபணு மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர வாய்ப்பு 50 சதவீதம். வராத பிள்ளைக்கு அடிக்கடி ஸ்கோப் தேவையில்லை. வந்த பிள்ளைக்கு 20–25 வயதிலிருந்தே 1–2 ஆண்டுக்கு ஒருமுறை வேண்டும். மலத்தில் ரத்தம் போகிறதா? அப்போது ஜீன் டெஸ்டுக்குக் காத்திருக்காமல் நேராக டாக்டரிடம் போங்கள்.