போடி வெயிலுக்கும் பூப்பாறை மழைக்கும் தாங்கும் ஜீப் படுதா: என் மகிந்திரா தார் அனுபவம்

ஜீப்பின் சாஃப்ட் டாப்பை, அதாவது படுதாக் கூரையை, மாற்றப் போகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது "எந்தத் துணி நல்லதுண்ணே?" என்றுதான். தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிறவர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு துணிப் பெயர் சொல்வார்கள். சில மழைக்காலங்கள் முழுசாக ஓட்டிப் பார்த்த பிறகு என் முடிவு வேறு. துணி மூன்றாவதாக வரட்டும். முதலில் நூலும் தையலும், அடுத்தது ஜன்னலாகத் தைக்கும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஷீட். இந்த இரண்டும் சரியாக இருந்தால் நடுத்தரமான துணிகூட வருஷக்கணக்கில் உழைக்கும். இல்லையென்றால் எவ்வளவு விலை கொடுத்த துணியும் ஒரே இடவப்பாதியில், அதாவது ஒரே தென்மேற்குப் பருவமழையில், ஒழுக ஆரம்பித்துவிடும்.

என்னுடையது பழைய தார் சிஆர்டிஇ டீசல் ஜீப், 2020இல் புது மாடல் வருவதற்கு முந்தைய வண்டி. வீடு போடியில், ஏலத்தோட்டம் கேரள எல்லைக்குள் பூப்பாறைக்கு மேலே. நடுவில் போடிமெட்டு மலைப்பாதை, 17 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் ஆயிரம் மீட்டர் ஏற்றம். கீழே கிளம்பும்போது படுதாவில் கை வைக்க முடியாத சூடு. மேலே போய்ச் சேரும்போது பஞ்சு மாதிரி மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கி எல்லாம் நனைந்திருக்கும். போடி மழை மறைவுப் பகுதி. ஆடி மாதம் இங்கே புழுதிக் காற்று அடிக்கும்போது, அங்கே சாந்தன்பாறைப் பக்கம் நாள் முழுக்க மழை விடாது. ஐப்பசியில் இரண்டு பக்கமும் நனையும். ஒரே நாளில் காய்ந்து, சுருங்கி, நனைந்து, மறுபடி காய்கிற படுதா இது. கோயம்புத்தூரிலோ கொச்சியிலோ ஓடுகிற வண்டிக்குச் சொல்லும் ஆலோசனை இதற்கு அப்படியே பொருந்தாது.

வண்டியை வாங்கும்போதே யாரோ தைத்துப் போட்ட ரெக்சின் டாப் ஒன்று அதில் இருந்தது. அதைக் கழற்றித் தரையில் விரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெளிவாகப் புரிந்தது. ரெக்சின் அங்கங்கே வெளுத்திருந்ததே தவிர எங்கேயும் கிழியவில்லை. ஆனால் கூரை விளிம்பில் ஓடிய தையலை நகத்தால் லேசாக நெருடினால் நூல் பொடியாக உதிர்ந்தது. தையலை ரொம்ப நெருக்கமாகப் போட்டிருந்தார்கள். ஊசித் துளைகள் வரிசையாக விழுந்து, தபால்தலைத் தாளைக் கிழிப்பதுபோல அந்தக் கோட்டிலேயே ரெக்சின் பிரிந்திருந்தது. பின் ஜன்னல் ஷீட் மஞ்சளாகி, சுருட்டி வைக்கும் இடத்தில் குறுக்கே விரிசல். கூரைக்கம்பி பட்ட இடங்களில் மட்டும் ஷீட் பழுப்பாகக் கருகின மாதிரி இருந்தது. வெயிலில் கம்பி சூடேறி, அதன் மேல் ஒட்டிக்கிடக்கும் ஷீட்டைச் சுட்டுவிடுகிறது.

கம்பெனி டாப் ஒன்றை அப்படியே வாங்கிப் போடுவது பலருக்கு நல்ல வழி. அளவு கச்சிதமாக இருக்கும், பட்டன் எல்லாம் அதனதன் இடத்தில் உட்காரும். எனக்குத் தேவைப்பட்டது வேறு. மூட்டையும் உரமும் ஏற்ற பின்பக்கம் அகலமாகத் திறக்க வேண்டும், பக்கத்துணி தனியாகக் கழன்று வர வேண்டும். அதனால் தைத்துப் போடுவது என்று முடிவு செய்தேன்.

துணி விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பருத்திக் கான்வாஸ் கேட்கவே ஆசையாக இருக்கும். நனைந்தால் இழை ஊதித் துளையை அடைத்துக்கொள்ளும், உள்ளே புழுக்கமும் இருக்காது. ஆனால் காய நேரம் வேண்டும். மலையில் ஆனி, ஆடி முழுக்கக் காயாது. கறுப்புப் புள்ளி விழுந்து பூசண வாடை ஏறிவிடும். அக்ரிலிக் துணியில் நிறம் இழைக்குள்ளேயே ஏறியிருப்பதால் வெளுக்காது, காற்றும் போய் வரும். விலை அதிகம், தண்ணீர் விலக்கும் பூச்சை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். நடுவில் ரப்பர் வைத்து ஒட்டிய மூன்று அடுக்குத் துணி சத்தத்தை நன்றாகக் குறைக்கும். நம் ஊர்த் தையலுக்கு அது அவ்வளவாகப் பழக்கமில்லை. மஞ்சளும் நீலமுமாகக் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் தார்ப்பாயை ஜீப்புக்கு நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள், வெயில் அதை நார் நாராக்கிவிடும்.

நான் எடுத்தது பாலியஸ்டர் நெசவின் மேல் பிவிசி பூசிய கறுப்பு ரெக்சின், லாரிப் படுதாவைவிட மெல்லியது. கறுப்பு சூட்டை இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நிறத்துக்காகச் சேர்க்கும் கார்பன்தான் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கிக்கொள்கிறது. போடி வெயிலில் வண்டியை நிழலில் விட்டுக்கொள்ளலாம், வெடித்துப்போன படுதாவை என்ன செய்வது?

தையலுக்கு வருகிறேன். போடியில் குஷன் வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் கொடுத்தேன். துணியைத் தொட்டுப் பார்த்தபடியே, "தம்பி, துணி எத்தனை வருஷம் வரும்னு எல்லாரும் கேக்குறாங்க. நூலு எத்தனை வருஷம் வரும்னு ஒருத்தரும் கேக்குறதில்ல" என்றார். அவரிடமே வேலையை ஒப்படைக்க அந்த ஒரு பேச்சு போதுமாக இருந்தது. பருத்தி நூல் ஈரத்தில் மக்கும். நைலான் நூல் இழுத்தால் வலுவாகத் தெரியும், ஆனால் வெயிலில் பாலியஸ்டரைவிடச் சீக்கிரம் நைந்துபோகும். வெளியில் கிடக்கும் படுதாவுக்குத் தடித்த பாலியஸ்டர் நூல்தான். தையல் ஒரு அங்குலத்துக்கு 6 முதல் 8 வரை போதும். நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்று நினைப்பவர்கள் பலர். ரெக்சினில் அது நேர்மாறு.

கூரையில் இரண்டு துண்டு சேரும் இடத்தில் மடித்து, மேல் மடிப்பு பின்பக்கமாகப் படியும்படி இரட்டைத் தையல் போடச் சொன்னேன். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று மழையைப் பின்னால் தள்ளும். மடிப்பு முன்பக்கம் பார்த்து இருந்தால் தண்ணீரை வாய் திறந்து வாங்கிக்கொள்ளும். பாலியஸ்டர் நூல் பருத்தி மாதிரி ஊதித் துளையை அடைக்காது. அதனால் உள்பக்கம் தையல் நெடுக ஒட்டுப்பசை பூசி ஒரு பட்டை ஒட்டினார். கூரையில் இன்றுவரை ஒரு சொட்டு இறங்கவில்லை என்றால் அதற்கு இந்தப் பட்டைதான் காரணம்.

ஜன்னலுக்கு மேசை விரிப்பாக விற்கும் ரோல் ஷீட்டைப் போடுகிற கடைகள் உண்டு. வாங்கும் முன் ஷீட்டைத் தூக்கிப் பிடித்துத் தூரத்துக் கரண்ட் கம்பத்தைப் பாருங்கள். தலையை அசைக்கும்போது கம்பம் நெளிந்தால் அது வேண்டாம். மஞ்சில் பின்னால் லாரி வெளிச்சம் விழும்போது அந்த நெளிவு கண்ணைக் குழப்பிவிடும். இருபுறமும் மெருகு போட்ட, தட்டையாக வரும் ஷீட் முக்கால் மில்லிமீட்டரிலும் ஒரு மில்லிமீட்டரிலும் கிடைக்கிறது. பக்கங்களுக்கு மெல்லியது, பின்னால் தடித்தது போட்டேன். கம்பி படும் இடமெல்லாம் உள்ளே வெள்ளைத் துணிப் பட்டை வைத்துத் தைத்ததால் பழைய டாப்பில் இருந்த கருகல் இதில் வரவில்லை.

ஜிப் உலோகத்தில் வேண்டாம், மஞ்சு ஈரத்தில் பச்சை பூத்து இறுகிவிடும். பெரிய பல் வைத்த பிளாஸ்டிக் ஜிப், அதன் மேல் மழை மூடித் துணி. மாதத்துக்கு ஒருமுறை மெழுகுவத்தியைப் பல்லில் தேய்த்துவிட்டால் போதும்.

அளவெடுத்து மாட்டும் நாள் ரொம்ப முக்கியம். குளிரில் பிவிசி சுருங்கி விறைக்கும், சூட்டில் தளரும். 22 டிகிரிக்குக் கீழே புது டாப்பை மாட்டாமல் இருப்பது நல்லது. போடியின் உச்சி வெயிலில் தொளதொளவென்று இருக்கும்போது இழுத்துப் பிடித்துப் பட்டன் அடித்தால், போடிமெட்டு ஏறியதும் மத்தளத் தோல் மாதிரி விறைத்து, கழற்றிய பட்டனைத் திரும்ப மாட்ட முடியாது. மேலே குளிரில் அளவெடுத்தால் கீழே வந்ததும் தொங்கி, காற்றில் படபடவென்று அடித்துத் தையலைத் தின்னும். காலை பத்து மணி வாக்கில், இளவெயிலில் வண்டியை நிறுத்தி மாட்டினோம். பக்கங்களில் வரிசைப் பட்டனுக்குப் பதில் இறுக்கித் தளர்த்தக்கூடிய பெல்ட் வைத்தார். சதுரங்கப்பாறைப் பக்கம் காற்றாலைகளை ஒட்டிப் போகும்போது அந்த பெல்ட்டை ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் சத்தம் பாதியாகிவிடுகிறது.

பராமரிப்பில் சிலது விடாமல் செய்ய வேண்டும். புழுதி படிந்த ஷீட்டை உலர்ந்த துணியால் துடைக்கவே கூடாது. முதலில் தண்ணீர் ஊற்றிப் புழுதியை இறக்கி, சோப்புத் தண்ணீர் தொட்ட மெல்லிய துணியால் ஒற்ற வேண்டும். பளபளப்புக்காக மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ரெக்சினை வளைந்து கொடுக்க வைக்கும் பொருளையே அது உறிஞ்சி எடுத்துவிடும், அப்புறம் மடித்த இடமெல்லாம் வெடிக்கும். விடிகாலைக் குளிரில் ஜன்னலைச் சுருட்டாதீர்கள். வெயில் பட்டு இளகட்டும், நடுவில் ஒரு பழைய வேட்டித் துண்டு வைத்துச் சுருட்டுங்கள். நனைந்த படுதாவை மடித்துப் போட்டால் மூன்றாம் நாளே வாடை வரும்.

இன்னொன்று, ஆள் ஏற்றுகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. முன்பக்கமும் பக்கங்களும் மூடியிருக்க, பின்பக்கத்தை மட்டும் தூக்கிவிட்டு ஓட்டாதீர்கள். வண்டிக்குப் பின்னால் சுழலும் காற்று புகையை உள்ளேயே இழுத்து வரும். ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்து வருகிறார்கள், தலைவலியும் குமட்டலும் அவர்களுக்குத்தான் முதலில் வரும். பின்பக்கம் திறந்தால் முன்னால் பக்கத்துணியிலும் கொஞ்சம் வழி விடுங்கள்.

இவ்வளவுக்குப் பதில் இரும்புக் கூரை போட்டுவிடலாமே என்று தோட்டத்தில் அடிக்கடி கேட்கிறார்கள். கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு தடுக்கிறது. எல்லை தாண்டிப் போய் வரும் வண்டிக்கு அந்தத் தலைவலி தேவையா? படுதாவுக்குப் படுதா மாற்றுவதில் அந்தச் சிக்கல் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. முன் கண்ணாடிச் சட்டத்தின் மேல் படுதா உட்காரும் இடத்தில், இறக்கத்தில் கனமழை அடித்தால் ஓட்டுநர் பக்க மூலையில் இன்னும் ஈரம் கசிகிறது. அங்கே இருக்கும் ரப்பர் தட்டையாகிவிட்டது, படுதா மேல் தப்பில்லை. பின் ஜன்னலிலும் பார்வை கொஞ்சம் மங்க ஆரம்பித்திருக்கிறது. அதை மட்டும் கழற்றி மாற்றும்படி தனித் துண்டாகத்தான் ஆரம்பத்திலேயே தைக்கச் சொல்லியிருந்தேன். வைகாசி பிறப்பதற்குள் ரப்பரும் ஷீட்டும் மாற்றிவிடுவோம் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். அளவு அட்டை அவர் கடைச் சுவரிலேயே தொங்குகிறது.